வோல்டேஜ் திருத்திய மாப்பிள்ளை

மாமனார் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளை செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி, எதையும் செய்யாமல் இருப்பதுதான். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். (சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். நான் அப்போது மின்சார ஆராய்ச்சியாளன்.)

மாமனாருக்கு தா.பழூர் பக்கம். அவர் தெருவில் பாதி வீட்டு மாடிகளில் சோலார். உச்சி வெயிலில் எல்லா மாடிகளும் சேர்ந்து கரண்ட்டைத் தெருக் கம்பிக்குள் தள்ளும், வோல்டேஜ் எகிறும், மாமனார் வீட்டு சோலார் இன்வெர்ட்டர் பயந்துபோய் அணைந்துவிடும்.

“வெயிலு நல்லா அடிக்கிறப்பதான் இது படுத்துக்குதுங்க மாப்ள,” என்றார். கொழுந்தியாளின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் அது.

“ஈ.பி. ஆபீஸுக்கெல்லாம் அலைய வேணாம் மாமா. ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் வாசல்ல வோல்டேஜ் ஏறுதான்னு தானே பாத்து, தானே இழுத்துப் பிடிச்சுக்கும். மேல ஒரு அதிகாரியே தேவையில்ல!”

“நிச்சயம் முடியட்டுமே...” என்று இழுத்தார் மாமியார். நான் புன்னகைத்தேன். (அந்தப் புன்னகைக்கே என்னை அறைந்திருக்கலாம்.)

வீடு வீடாகப் போய் எல்லா இன்வெர்ட்டர்களிலும் செட்டிங்கை மாற்றினேன். வோல்டேஜ் துளி ஏறினாலும் உடனே, பலமாகக் கீழே இழுக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒரே ஒரு இன்வெர்ட்டரை வைத்துச் சோதித்தபோது அற்புதமாக வேலை செய்தது. ஒரு தெருவில் ஒன்றுக்கு மேல் இருக்குமே என்பதை மட்டும் நான் ஆராயவில்லை.

மறுநாள் செட்டிகுளத்திலிருந்து பையன் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. எல்லா இன்வெர்ட்டர்களும் ஒரே நேரத்தில் இழுத்தன. வோல்டேஜ் தொப்பென்று விழுந்தது. பதறி, எல்லாம் ஒரே நேரத்தில் விட்டன, எகிறியது. மறுபடி இழுத்தன. ஓடுவதா நிற்பதா என்று மின்விசிறி திணறியது. ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் ‘டக், டக்’ என்று அடித்துக்கொண்டது.

பையனின் அத்தை காதைத் தீட்டிக்கொண்டார்.

“பல்லி சொல்லுதே... எந்தப் பக்கம்?”

“எல்லாப் பக்கமும் சொல்லுதுங்க,” என்றார் வாசலில் நின்றவர். பொய்யில்லை. வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர்.

“சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்குவோம்.”

துண்டை உதறி எழுந்துவிட்டார்கள். கொழுந்தியாள் அழத் தயாரானாள்.

“அது பல்லி இல்லீங்க! நான்தான்!” என்று கத்தினேன்.

கூட்டம் என்னை மேலும் கீழும் பார்த்தது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மாமனார் மரியாதை குறையாமல் சொன்னார்: “மொதல்ல போயி அணைச்சுட்டு வாங்க மாப்ள.”

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடினேன். இன்வெர்ட்டர்களை ஒவ்வொன்றாக அணைக்க அணைக்கத் தெரு அடங்கியது, ‘பல்லி’யும் அடங்கியது. வியர்த்து விறுவிறுத்துத் திரும்பியபோது, எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. (கவனிக்காததுபோல் இருந்தார்கள்.)

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் இன்றும் அந்த வீட்டில் சாம்பார் கரித்தால், யார் யார் தனித்தனியாக ருசி பார்த்து உப்பை அள்ளிப் போட்டார்கள் என்று மாமியார் விசாரிப்பதில்லை.

“மாப்ள கன்ட்ரோல் ஆயிடுச்சு,” என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றுகிறார். நானும் அதையே ஊற்றிச் சாப்பிட்டுவிடுகிறேன்.