சங்கிலி இல்லாமல் கெமாஸ் போன காடி

இந்த ஞாயிறு மச்சான் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். கல்யாணமானதிலிருந்து நானாக எடுத்த ஒரே முடிவு இது.

கெமாஸில் மச்சான் தேவன் மகனுக்குக் காது குத்து. அதே நாள் கோலா சாவா திடலில் எங்கள் தோட்டத்து அணிக்கு அரையிறுதி. நாற்பது தாண்டியவர்களுக்கான காற்பந்துப் பந்தயம். கோல்கீப்பர் நான். என் வயிறே பாதி கோலை மறைத்துவிடும். அதனால் எனக்கு மாற்று ஆள் கிடையாது.

மாயாண்டியின் பட்டறையில், எஞ்சினுக்குள் ஓடித் தேய்ந்துபோன டைமிங் சங்கிலி, பல்சக்கரம், டென்ஷனர் எல்லாம் இரவல் வாங்கினேன். காலையில் எங்கள் பழைய டீசல் கார் முன்னால் சாக்கை விரித்து, அதிலிருந்தே கழற்றியதுபோலப் பரப்பினேன். புது டின்னைத் திறந்து எஞ்சின் எண்ணெயை முழங்கை வரை பூசிக்கொண்டேன். பானட்டைத் தூக்கி வைத்துப் பெருமூச்சு விட்டேன்.

என் மனைவி புஷ்பவள்ளி பட்டுப்புடவையில் வந்து நின்றாள்.

“என்னங்க இது?”

“சங்கிலி தேஞ்சு போச்சு புஷ்பா. அறுந்தா எஞ்சினே போயிடும். அதான் கழட்டிட்டேன். இனி காடி ஒரு அடி நகராது.”

“இன்னிக்குன்னு பாத்தா தேயணும்?”

“அது என்ன, நாள் பாத்தா தேயும்?”

“சரி, கையக் கழுவுங்க. ரயில்ல போலாம்.”

“எஞ்சினைத் திறந்து போட்டுட்டா? மழைத்தண்ணி உள்ள இறங்கிட்டா?”

அவள் என் கையைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

“பாவம் லா நீங்க. பசியாறிட்டுச் செய்யுங்க. நான் மட்டும் போயிட்டு வரேன்.”

அவள் இவ்வளவு சுலபமாக விட்டதும் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் ஏது? ‘நட்டு வாங்கிட்டு வரேன்’ என்று சொல்லித் திடலுக்கு ஓடினேன்.

ஜெயித்தோம். ஒரு பந்தை வயிறு தடுத்தது. இன்னொன்றை மூக்கு தடுத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டே வீடு வந்தேன். சாக்கு இருந்தது. சங்கிலி இருந்தது. காரைக் காணோம். ஆணியில் சாவியும் இல்லை.

போன் அடித்தது.

“ஏங்க, கெமாஸ் வந்துட்டேன். சங்கிலி இல்லாமலே காடி நல்லாத்தான் ஓடுது.”

நான் சாக்கில் கிடந்த சங்கிலியைக் குனிந்து பார்த்தேன்.

“எங்கப்பா லோரி ட்ரைவருங்க. டீசல் எஞ்சினைத் தொட்டவன் கை கரியா இருக்கும், சோப்புப் போட்டாலும் நகக்கண்ணுல நிக்கும். உங்க கை நெய்த் தோசை மாதிரில்ல மினுங்குச்சு.”

“புஷ்பா...”

“ஆனா ஒண்ணுங்க. தேவன் அண்ணன் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டாரு. கறகறன்னு சத்தம். நிஜமாவே சங்கிலிதான் தேஞ்சிருக்காம். புதுசா எல்லாம் வாங்கித் தராராம். அடுத்த ஞாயிறு வந்து பக்கத்துலயே நின்னு, உங்க கையாலயே மாட்ட வைக்கப் போறாராம்.”

“ஞாயிறு வேணாமே. சனிக்கிழமை வரச் சொல்லேன்.”

“ஏன், அரையிறுதில ஜெயிச்சிட்டீங்களா?”

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டத்துக்கு வேறு வயிறு தேடச் சொல்லி கேப்டனுக்குப் போன் போட்டேன்.