என் டிவிக்குக் கட்டிய பரிவட்டம்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. பெற்று வளர்த்தது நாலு. நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்தால் அஞ்சு. அஞ்சையும் ஒரு சொல் கேட்க வைத்தவள், கடைசியில் ஒரு டப்பாவிடம் தோற்றேன். (டப்பா என்றால் நெட்டு டப்பா. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்குமே, அது.)

கீழக்குயில்குடியில் எங்கள் வீட்டுக்கு நெட்டு மாட்ட, திருமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். வேலையை முடித்துவிட்டுக் கேட்டார்: "எல்லாரும் ஒரே நேரத்துல வீடியோ பாத்தா நெரிசலாயிரும்மா. அப்ப எதுக்கு முதல்ல வழி விடணும்?"

"என் லேப்டாப்புக்குண்ணே" என்றாள் மருமகள் தேவி.

எனக்குச் சுருக்கென்றது. ஊர்க்கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் எங்கள் வீட்டுக்குத்தான் கட்டுவார்கள். அந்த வீட்டில் நான் உட்கார்ந்திருக்க, மருமகள் பெட்டிக்கு முதல் வழியா?

"இந்த வீட்ல மூத்தது யாருன்னு கேட்டுட்டுப் போடுங்க. இனி நெட்டுல ஓடப்போற என் டிவிக்குப் போடுங்க."

அவர் தேவியைப் பார்த்தார். தேவி சுவரைப் பார்த்தாள். டிவிக்கே போட்டார். (அவர் காபியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன்.)

ஒரு மாசம் கழித்து தேவிக்கு இன்டர்வியூ. பிள்ளை பிறந்ததும் விட்ட கம்ப்யூட்டர் வேலை. ஆறு வருசத்தில் வந்த முதல் அழைப்பு. காலை பதினோரு மணிக்கு, வீடியோவிலேயே பேசுவார்களாம்.

"அத்தே, ஒரு மணி நேரம் டிவி வேணாமே."

"அதுக்கென்ன ஆத்தா" என்றேன்.

பதினோரு மணிக்குத்தான் என் சீரியலில் ஒரு கல்யாணத்தை நிறுத்தப்போகிறார்கள். விட முடியுமா? சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, படத்தை மட்டும் ஓடவிட்டேன். என் நல்ல மனசை நானே மெச்சிக்கொண்டேன்.

டிவியில் படம் கண்ணாடி மாதிரி ஓடியது. உள்ளே தேவியின் குரல்: "சார், கேக்குதா? சார்?"

எட்டிப் பார்த்தேன். லேப்டாப்பில் ஒருவர் திறந்த வாய் மூடாமல் சிலையாக நின்றார்.

"டிவி ஓடுதா அத்தே?"

"சத்தமே வைக்கலயே!"

"சத்தமில்ல அத்தே, படந்தான் அம்புட்டையும் இழுக்குது. அமத்துங்க!"

ஓடிப்போய் ரிமோட்டை வீடெல்லாம் தேடினேன். என் இடுப்பிலேயே செருகியிருந்தது. அமத்திய பெருமையில் அறைக்குள் பாய்ந்து, "அமத்திட்டேன் ஆத்தா, கல்யாணமும் நின்னுருச்சு!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப்புக்கு உயிர் வந்தது. மூன்று பேர் என்னையே பார்த்தார்கள்.

"யாரு கல்யாணம்மா?" என்று கேட்டார் வாய் திறந்திருந்தவர்.

அது என்ன வேலை தெரியுமா? நெட்டில் வீடியோ நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. பிறகு சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

தேவி திட்டவில்லை. டப்பாவுக்குள் முதல் வழியைத் தன் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுச் சொன்னாள்: "உங்க சீரியலு கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டு ஓடும் அத்தே. நேருக்கு நேர் பேசுறது அப்படிக் காத்திருக்காது." வயசைப் பார்த்து அங்கே வரிசை கிடையாதாம்.

வேறு வேலை கிடைக்க அவளுக்கு ஒரு வருசமானது.

இப்பவும் நான் எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் மகன், "யாரு கல்யாணத்த நிறுத்திட்டு வாரீக?" என்பான். நானும் சிரிப்பேன், தேவியும் சிரிப்பாள். ஆனால் தப்பு என்மேல்தான் என்று அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வாயில் வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுத்துக் கூட்டி மூன்று நாளாக இதை எழுதினேன்.

ஏ யாழினி, இங்க வா. அப்பத்தா எழுதினத வாசி. முணுமுணுன்னு வாசிக்காத. அடுப்படியில நிக்கிற உங்க அம்மாவுக்குக் கேக்குற மாதிரி வாசி.