பிரஷர் பம்பும் கைராசியும்

"கொர்ர்ர்..."

மாடியில் பம்பு மறுபடியும் ஓடத் தொடங்கியது. குமரகுரு தறி மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"யாரு குழாயத் திறந்தது?"

"யாரும் திறக்கல," என்றாள் சங்கரி சமையலறையிலிருந்து. "அது பாட்டுக்கு ஓடுது, அது பாட்டுக்கு நிக்குது. நீங்க உங்க வேலையப் பாருங்க."

அதுதான் அவரால் முடியவில்லை. மாடியில் சோலார் வெந்நீர்த் தொட்டி வைத்து, தண்ணீர் வேகமாக வரட்டும் என்று ஒரு பிரஷர் பம்பும் போட்டு ஒரு வருடம் ஆகிறது. குழாயைத் திறந்தால் பம்பு ஓட வேண்டும், மூடினால் நிற்க வேண்டும். இது மூடியிருக்கும்போதே ஓடியது. குளியலறைச் சுவரில் உள்ள பிரஷர் மீட்டரின் முள் இரண்டில் நிற்கும். யாரும் தொடாமலே மெல்ல இறங்கி ஒன்றுக்கு வரும். உடனே கொர்ர்ர். முன்பெல்லாம் எப்போதாவது ஓடியது, இந்த மாசியில் ஓயாமல் ஓடியது.

தறியில் இருந்தது திருப்புட்குழி பிரியதர்ஷினியின் முகூர்த்தப் புடவை. நாளைக் காலையில் வாங்க வருகிறார்கள். முந்தானை இன்னும் பாக்கி.

"நாளைக்குக் கண்டிப்பா கெடைச்சிடும் இல்ல அங்கிள்?" என்று அந்தப் பெண் காலையில்தான் போன் செய்திருந்தாள்.

"என் தறியில நூல் அறுந்துபோகாதும்மா. தைரியமா இரு."

சும்மா சொல்லவில்லை. வெயில் ஏறினால் தெருவில் எல்லார் தறியிலும் பட்டு காய்ந்து அறுந்துபோகும். இழை ஈரம் காயாமல் இருக்க, மிதி இருக்கும் தறிக்குழியில் பெண்கள் வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்து மாளாது. சங்கரியும் குனிந்து குனிந்து தெளித்து இடுப்பு விட்டுப்போனவள்தான். போன வருடம் திடீரென்று நிறுத்திவிட்டாள். அப்படியும் குமரகுருவின் தறியில் ஒரு இழை அறுந்ததில்லை. என்ன காரணம் என்று அவர் மண்டையைக் குடைந்துகொள்ளவே இல்லை. கைராசி, வேறென்ன?

"தண்ணி தெளிக்கிறதெல்லாம் கை பழகாதவங்களுக்குப்பா," என்பார் பக்கத்து வீட்டு தேவேந்திரனிடம். தேவேந்திரன் அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் சொல்வார். தன் தறிக்குழிச் செங்கல் மட்டும் எப்போதும் ஈரப்பதமாக இருப்பதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "இது மண்ணு ஸ்தலம். ஏகாம்பரநாதர் பூமி காயுமா?"

"கொர்ர்ர்..."

குமரகுரு எழுந்துவிட்டார்.

முதலில் ஷவரைச் சந்தேகப்பட்டார். அதைக் கழற்றி, மரையில் கழிவுப் பட்டு நூலை வரிவரியாகச் சுற்றினார்.

"பிளம்பருங்க சணல் இல்ல சுத்துவாங்க?" என்றாள் சங்கரி.

"சணலே தாங்குதுன்னா பட்டு தாங்காதா?"

பட்டு தாங்கியது. அவர் முடுக்கிய முடுக்கில் மரைதான் தாங்கவில்லை. வால்வைத் திறந்ததும் ஷவர் பிய்த்துக்கொண்டு வந்து அவர் நெற்றியில் விழுந்தது.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மாடிக்குப் போனார். பம்பில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருகினால் பிரஷர் ஏறும் என்று யாரோ சொன்ன ஞாபகம். திருகினார். முள் மூன்றுக்கு ஏறியது. கீழே சமையலறையில் சிங்க்குக்கு அடியிலிருந்த டியூப் வெடித்து, அரைத்து வைத்த இட்லி மாவு தோசைக்கும் ஆகாமல் போனது.

"தயவுசெஞ்சி வந்து தறியில உட்காருங்க!" என்று சங்கரி கத்தினாள். "தண்ணி தானே போவுது, உசுரா போவுது?"

"அந்தச் சத்தம் கேக்கும்போதெல்லாம் என் உசுரு தான்டி போவுது!"

கூச்சல் கேட்டு தேவேந்திரன் வந்தார். "ஏர் லாக்கா இருக்கும்ணே. மேல காத்துக் குழா இருக்குது பாரு, அதக் கழட்டி வுடு."

கழற்றினார். காற்று வரவில்லை, கொதிக்கும் தண்ணீர்தான் பீய்ச்சிக்கொண்டு வந்தது. தேவேந்திரனின் மனைவி அம்சா பக்கத்து மாடியில் காயவைத்திருந்த மோர் மிளகாய் மொத்தமும் வெந்தது. அதன் பிறகு அம்சா பேசியதை இங்கே எழுத முடியாது. யோசனை சொன்ன தேவேந்திரன் ஓசைப்படாமல் இறங்கிப் போய்விட்டார்.

மணி பதினொன்று. முந்தானை விரற்கடை கூட நகரவில்லை. நாளைக் காலையில் அந்தப் பெண் வெறுங்கையோடு திரும்பினால் தெருவில் எப்படித் தலை காட்டுவது?

"அந்த பிளம்பர் சந்தோஷ்குமாரக் கூப்புடு."

"அவன் ஊர்ல இல்ல," என்றாள் சங்கரி சட்டென்று. "திருமுக்கூடல் போயிருக்கறான்."

அவரே போன் போட்டார். "அண்ணே, உங்க தெரு முனையில தான் டீ குடிச்சிக்கினு இருக்கறேன்," என்றான் சந்தோஷ்குமார்.

வந்தான். ஷவரையும் டியூபையும் மாற்றினான். முள் அப்போதும் இறங்கியது. பைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தவனைக் குமரகுரு மறித்துக்கொண்டார்.

"லீக்கு எங்கன்னு கண்டுபுடிக்காம வாசல தாண்டக் கூடாது. இந்த வீட்டுக்குப் பைப்பு போட்டவன் நீதானே?"

சந்தோஷ்குமார் சங்கரியைப் பார்த்தான். சங்கரி கூரையைப் பார்த்தாள். அவன் பெருமூச்சு விட்டுவிட்டுத் தறிக்குழியில் இறங்கினான். ஓரத்துச் செங்கல் ஒன்றைப் பெயர்த்து, உள்ளே கையை விட்டு, அங்கே போகும் பைப்பின் இணைப்பை ஸ்பேனரால் ஒரே ஒரு சுற்று முடுக்கினான். சிமெண்ட் பூசி மூடினான்.

"காயணும்ணே, கொஞ்ச நேரம் குழியில ஃபேன் போட்டு வைங்க."

முள் இரண்டில் நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் இரண்டிலேயே நின்றது. வீடு அமைதியாக இருந்தது. குமரகுருவுக்கு அந்த முள்ளைக் கும்பிடலாம் போல இருந்தது. ஃபேனை நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்தார்.

"டப்."

ஒரு இழை. ஒரு வருடத்தில் முதல் இழை. முடிச்சுப் போட்டார்.

"டப். டப்."

"கண்ணு பட்டுடுச்சி," என்று முணுமுணுத்தார். சங்கரி மிளகாய் சுற்றிப் போட்டாள். அடுத்த மிதிக்கு நாலு இழை போனது. பட்டு விற்றவனைத் திட்டினார், ஜரிகைக்காரனைத் திட்டினார். ஒன்றை முடிச்சுப் போடுவதற்குள் இரண்டு அறுந்தது. இப்படியே போனால் முந்தானை முழுக்கக் கோடு விழும், அதைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் மணவறையில் உட்கார முடியாது.

ஜன்னலில் தேவேந்திரனின் தலை தெரிந்தது. "அண்ணிய கொஞ்சம் தண்ணி தெளிக்கச் சொல்லட்டாண்ணே?"

"தேவையில்ல!" என்றார் குமரகுரு. பிரியதர்ஷினிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், நெசவு நெய்த இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேற்று வரை இருந்த ராசி எங்கே போனது?

மறந்து வைத்த ஸ்பேனரை எடுக்க சந்தோஷ்குமார் அப்போதுதான் திரும்பி வந்தான். அறுந்து தொங்கும் இழைகளைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். மனசு கேட்காமல் குழிக்குள் ஒரு காலை வைத்தான்.

"மறுபடியும் லூஸ் பண்ணி வுட்டுடட்டாண்ணே? பைப்பு போட்டப்பவே அண்ணி சொன்னாங்க, 'குழிக்குள்ள போற அந்த ஜாயிண்ட்ட மட்டும் டைட் பண்ணாத சந்தோஷ், அது பாட்டுக்குக் கசியட்டும், என் இடுப்பும் பொழச்சிக்கும், அவரு கைராசியும் பொழச்சிக்கும்'னு."