ஒற்றைக் காலில் நின்ற கதை

சிக்கனம் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பும் ஆண்பிள்ளையை வீட்டில் யாராவது உடனே பிடித்து உட்கார வைக்க வேண்டும். என் மனைவி முயன்று பார்த்தாள். கேபிள் டிவியை நிறுத்தியே தீருவேன் என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன்.

அப்போது கள்ளக்குறிச்சியிலேயே விவரம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் (என்று எனக்கு நினைப்பு). "இனிமே எல்லாம் ஆப்தாங்க. எது பாக்கறமோ அதுக்கு மட்டும் கட்டுனா போதும்" என்று தெருக்கோடி கேபிள்காரருக்கு வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், "சரிங்க, ஒயர கயட்டிக்கினு போறேன்" என்றார். அதற்கும் நான் விடவில்லை. என் கையாலேயே ஒயரைக் கத்தரித்து, கொல்லையில் முருங்கைக்கும் தென்னைக்கும் நடுவே துணி காயப்போடும் கொடியாகக் கட்டினேன்.

துணி நன்றாகத்தான் காய்ந்தது. காசுதான் கரைந்தது. கிரிக்கெட் உள்ளூரில் நடந்தால் ஒரு ஆப், வெளிநாட்டில் நடந்தால் வேறொன்று. கால்பந்துக்கு இன்னொன்று. விளம்பரம் வேண்டாமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஜன்னலைத் திறக்கவும் காசு கேட்கிற பிழைப்பு. "எவ்ளோ மிச்சம்?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "பரவால்ல" என்று சொல்லி நழுவிவிடுவேன்.

இந்த லட்சணத்தில்தான் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, டிவியில் காட்டுகிற கபடிப் போட்டியில் முதல்முறையாக ஆடப் போவதாகச் செய்தி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுக் கபடி ஆடினான் என்று புளியம் விளாறால் அவனை விளாசியவர் என் மாமனார். மகன் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மாமியாரோடு தியாகதுருகத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

"உங்க வூட்லதான் பெரிய டிவி கீதுங்களே மாப்ள" என்றபடி அதற்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆப்பைத் திறந்தேன். அதில் கபடி இல்லை. கபடி இருக்கும் ஆப்பைத் தேடிக் காசு கட்டினேன். 'இந்தத் திட்டம் கைப்பேசிக்கு மட்டும்' என்றது. டிவிக்கென்று மறுபடியும் கட்டினேன்.

"இன்னா மாப்ள, ஆரம்பிச்சிட்டாங்களா?"

"வந்துக்கினே இருக்குதுங்க மாமா."

வந்தது. மச்சான் தொடையைத் தட்டினான். நடுக்கோட்டைத் தாண்ட வலது காலைத் தூக்கினான். அப்படியே நின்றுவிட்டான். அவன் முகத்தின் மேல் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் விசில் சத்தம் காதைப் பிளந்தது.

"அங்க இன்னா சத்தம்?"

"கேபிள்காரர் வூடுப்பா. அங்க ஓடுது போல" என்றாள் மனைவி.

"நம்ம வூட்டு ஒயரு இன்னாச்சும்மா?"

அவள் கொல்லைக் கதவைத் திறந்தாள். என் லுங்கி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மாமனார் லுங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடியைப் பார்த்து நடந்தார். மாமியாரும் மனைவியும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

வெட்கத்தில் நான் மட்டும் போகவில்லை. ஒற்றைக் காலில் நின்ற மச்சானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மகன் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது மாமனார் கேபிள்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அது என் தோளாக இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மறுநாள் கேபிள்காரர் புது ஒயரோடு வந்தார். கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு, "பழசு இருக்கட்டுங்க, நல்லாத்தான் கட்டிக்கீறீங்க" என்றார். கபடி ஆப்பை எப்படி நிறுத்துவது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு வந்த மச்சான் வாசலில் செருப்பைக் கழற்றினான். ஒரு காலைத் தூக்கியவன், நிலைப்படியைத் தாண்டாமல் அப்படியே நின்றான்.

"உள்ள வாடா" என்றேன்.

"கால கீழ வெக்கலாமா மாமா? இல்ல, அதுக்குத் தனியா கட்டணுமா?"

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் எங்கள் வாசலில் ஒற்றைக் காலில் நின்று, நான் சரி என்ற பிறகுதான் உள்ளே வருகிறார்கள். முழங்கால் வலியோடு, கதவைப் பிடித்துக்கொண்டு, என் மாமனாரும்.