வேண்டியவங்க

யாழை வேனிலேயே விட்டுவைக்க முடியாது என்று நூலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஏப்ரல் வெயில், மூடிய வண்டி. அரை மணி நேரத்தில் கட்டை விரிந்து நரம்பு தெறித்துவிடுமாம். அவள் அயர்லாந்துக்காரி. தன் ஊர்ப் பழம்பாட்டுகளை அந்த யாழில் வாசித்துப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள். புதுச்சேரியில் கச்சேரி சாயங்காலம் ஆறரைக்கு. லாட்ஜ்காரன் நாலு மணிக்கு முன்னால் அறை கிடையாது என்று கையை விரித்துவிட்டான்.

வேன் ஓட்டி வந்த கலியமூர்த்தி யோசித்தான். தன் வீடு பக்கத்திலேயே உப்பளம் பகுதியில்தான் இருக்கிறது, ஃபேன்கூட உண்டு என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்லி, அங்கே அழைத்துப் போனான். நல்லது செய்யப் போய்த்தான் எல்லாம் ஆரம்பித்தது.

எதிர்வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, அதனாலேயே 'சொல்தா' என்று பேர் வாங்கிய க்சாவியே முந்தின நாள் காலமாகிவிட்டார். ஒரே பிள்ளை அத்ரியான் வந்தாயிற்று. சொந்தபந்தம் முழுக்க வந்தாயிற்று. ஆனாலும் அடக்கம் நாளைச் சாயங்காலம்தான் என்று அவர் மனைவி ஈனெஸ் அம்மா சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. காலையில் கலியமூர்த்தியைக் கூப்பிட்டு, "நாளைக்கு உன் வண்டி வேணும்ப்பா" என்றும் சொல்லி வைத்திருந்தாள். பூமாலை, பங்குச் சாமியார் என்று ஆயிரம் அலைச்சல் இருக்குமே என்று அவனும் சரி சொல்லியிருந்தான்.

சாமியானாவைப் பார்த்த நூலா என்ன விஷயம் என்று கேட்டாள். அவன் சொன்னான். தங்கள் ஊரில் சாவு வீட்டை அப்படியே தாண்டிப் போக மாட்டோம் என்று சொல்லி, யாழைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே நுழைந்துவிட்டாள். ஜனவரியில் தன் அப்பா செத்துப்போனதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள். தடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டாள். யாழைத் தோளில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் பாஷையில் ஒன்று பாடினாள். ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியவில்லை. ஆனால் செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏன் போனாய் என்று கேட்கிற பாட்டு அது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு அழுதார்கள். நூலாவின் கன்னத்திலும் தாரைதாரையாக ஓடியது. பாடி முடித்ததும் ஈனெஸ் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே, தெருமுனையில் பூ விற்கிற கன்னியம்மாள் கலியமூர்த்தியை ஓரமாக இழுத்தாள்.

"யாருப்பா அந்த வெள்ளக்காரி? சொந்தக்காரங்களவிட அதிகமா அழுவுது."

முன்பின் தெரியாதவள் என்று சொன்னால் சாவு வீட்டில் மரியாதையாக இருக்காதே என்று நினைத்து, "ஐயாவுக்கு வேண்டியவங்க" என்றான்.

கன்னியம்மாள் பூக்கூடையைக் கீழே வைத்தாள். "வேண்டியவங்கன்னா?"

"வேண்டியவங்கதான்."

"எந்த ஊர்ல வேண்டியவங்க?"

"வெளிநாட்டுல."

"ம். எனக்கு அப்பவே ஒரு இது இருந்துச்சு."

அந்த 'இது' ஐந்து நிமிஷத்தில் சாமியானா முழுக்கச் சுற்றி வந்தது. கலியமூர்த்தியின் பெண்டாட்டி ஒரு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டவள் ஈனெஸ் அம்மா. புருஷன் உடம்பு இன்னும் வீட்டில் இருக்கிறது. இந்தப் பேச்சு அவள் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

"அப்பிடியெல்லாம் இல்ல. வயசப் பாரு. ஐயாவுக்கு எழுவத்தெட்டு. இவங்களுக்கு நாப்பதுதான்" என்று சமாளித்தான்.

கன்னியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். "இது ரெண்டாயிரத்து ஆறு. நாப்பதுன்னா அறுவத்தாறு. அந்த வருசம் சொல்தா லீவுக்கே வரலன்னு எங்க மாமியாரு சொல்லும். அப்பொ இது பொண்ணு."

நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த அத்ரியான் காதில் இது விழுந்தது. எடுத்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு மூத்தவங்களா, எளையவங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"ஐயோ தம்பி, அவங்க யாரோ, ஐயா யாரோ. வேணும்னா கியோம் முசேவ வுட்டுக் கேக்கச் சொல்லுவோம்" என்றான் கலியமூர்த்தி.

தெருவே மரியாதையாக முசே என்று கூப்பிடும் கியோம், க்சாவியேவோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. காதுதான் மந்தம். நூலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு கொஞ்சம் இருந்தது. அவளை வெளியே அழைத்து வந்தார்கள். இவர் உங்களுக்கு என்ன வேணும் என்று கியோம் கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, நிறையச் சொன்னாள். கியோம் காதில் கையை வைத்துக் கேட்டார். அதில் கடைசி இரண்டு வார்த்தைதான் அவருக்கு எட்டியது.

"'எங்கப்பா'ங்குது" என்றார், காது மந்தமானவர்கள் சொல்கிற சத்தத்தில்.

"அவங்கப்பா செத்துட்டாரு முசே. சனவரியில. அதத்தான் சொல்றாங்க" என்று கலியமூர்த்தி கத்தினான்.

"சனவரின்னு ஏன் சொல்லுது? இவரு நேத்துதானே செத்தாரு" என்றார் கியோம்.

சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. உள்ளே ஈனெஸ் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். கலியமூர்த்தியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

அவன் போய் அவள் காலடியில் உட்கார்ந்தான். கூடவே வந்த அத்ரியான் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"அம்மா, எம் புள்ளைங்கமேல சத்தியமாச் சொல்றேன். அது பாட்டுப் பாடற அம்மா. அயர்லாந்து. ஐயாவ உசுரோட பாத்ததே இல்ல. இங்க அழைச்சாந்தது நானு, ஒளறிவச்சதும் நானு. ஐயா அப்பிடிப்பட்டவரு இல்லம்மா. நீங்க மனசுல எதுவும் வச்சிக்காதீங்க."

சொல்லிக்கொண்டே அழுதுவிட்டான். ஈனெஸ் அம்மா தலைமாட்டில் சாய்ந்திருந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு மகனை ஒரு தடவை பார்த்தாள். கலியமூர்த்தியின் தோளில் கையை வைத்தாள்.

"தெரியும்ப்பா. அவரு பொண்ணு நாளைக்குக் காலையிலதான் பாரிஸ்லேந்து வருது. மீனம்பாக்கம் போயி கூட்டியாரத்தான் உன் வண்டியக் கேட்டேன்."