புல்தரையும் ஒரு துபாஷியும்

வாழ்க்கையில் ஒரு விஷயத்திலாவது தன் இஷ்டப்படி நடந்து பார்த்துவிடுவது என்று கணபதிராமன் தீர்மானித்தார். அந்த விஷயம் புல்.

ரயில்வே கணக்குப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்று, பிறந்த ஊரான மைசூருக்கே திரும்பி, அங்கே போகாதிப் பகுதியில் வீடு கட்டிக்கொண்டவர் அவர். வீட்டு முன்னால் காலி இடம் விட்டதே புல்தரைக்காகத்தான். பச்சைப்பசேலென்று புல், நடுவில் பிரம்பு நாற்காலி, நாற்காலியில் அவர், கையில் காபி. எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தினமும் இதே கோலத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்துக் கணபதிராமனுக்கு வயிறு எரிந்தது.

அவர் மனைவி ராஜலக்ஷ்மிக்கோ அதே இடத்தில் கத்தரிக்காய் தெரிந்தது. வெண்டை, அவரைப் பந்தல், மூலையில் முருங்கை. புல்லை மாடுதானே தின்னும் என்று கேட்டாள். நம் வீட்டில் மாடு எங்கே இருக்கிறது என்று அவர் மடக்கினார். அவள் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேருக்கு நேர் மோதி ஜெயித்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. ஆகவே குறுக்கு வழி தேடினார். தோட்டம் போட்டுத்தரும் காண்டிராக்டர் நஞ்சுண்டசாமி பைக்கை நிறுத்திவிட்டு "நமஸ்கார சார்" என்றதுமே வழி தெரிந்துவிட்டது. வந்தவர் பேசுவது கன்னடம். ராஜலக்ஷ்மி திருச்சிக்காரி. கல்யாணமானதிலிருந்து பொன்மலை, மதுரை என்றே குடித்தனம் செய்தவள். காய்காரியிடம் வேணும், வேண்டாம் என்பதற்கு 'பேக்கு, பேடா' சொல்வதோடு அவள் கன்னடம் தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆக, இருவருக்கும் நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே துபாஷி கணபதிராமன். சட்டையை மாட்டிக்கொள்ள உள்ளே போனவர் உற்சாகமாகத் திரும்பி வந்தார்.

மைசூர்த் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்நியர் எதிரில் வீட்டு ரகசியம் பேச வேண்டுமானால் சட்டென்று தமிழுக்குத் தாவிவிடுவார்கள். கடையில் புடவை மட்டம் என்பதையும், வந்த விருந்தாளி எப்போது கிளம்புவார் என்பதையும் விருந்தாளியை வைத்துக்கொண்டே பேசுவார்கள். கணபதிராமன் அந்தப் பழக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

"நீ தமிழ்லயே சொல்லு ராஜி. நான் அவருக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்றேன்" என்றார் பெருந்தன்மையோடு.

கிழக்கே கத்தரிக்கும் வெண்டைக்கும் பாத்தி கட்டணும் என்றாள் அவள். நஞ்சுண்டசாமி தலையாட்டினார். கிழக்கே முழுக்கப் புல் என்று கணபதிராமன் அதைக் கன்னடத்தில் பெயர்த்தார். நஞ்சுண்டசாமி அதற்கும் தலையாட்டினார். கேட் பக்கம் அவரைப் பந்தல் என்றாள். செம்மண் கொட்டிச் சமன் செய்து அங்கேயும் புல் என்றார் இவர். முருங்கை என்று அவள் சொன்னது, நாற்காலி போட ஒரு கடப்பைக் கல் என்று ஆயிற்று.

"ஏன்னா, நான் ஒரு வார்த்தை சொன்னா நீங்க ஒம்பது வார்த்தை பேசறேள்?"

"கன்னடத்துல கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும்."

"இவர் சரியாப் பண்ணுவாரா?"

"சுத்த அசடு. எது சொன்னாலும் மண்டையை ஆட்டறான். அதுதானே நமக்கு வேணும்?"

நஞ்சுண்டசாமி மரியாதையாகப் புன்னகைத்துவிட்டு அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

வேலை ஆரம்பிக்கும் சமயம் பார்த்து, பெங்களூரில் கணபதிராமனின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. இவ்வளவு தூரம் போய்விட்டு உடனே திரும்பினால் அவள் வருத்தப்படுவாள், நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்று ராஜலக்ஷ்மி பரிவோடு சொன்னாள். நாத்தனார் மேல் அவளுக்கு அதற்கு முன் அவ்வளவு பரிவு வந்ததில்லை. அப்போதாவது அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பதிலாக, நான் இல்லாமல் நீ அந்த ஆளிடம் எப்படிப் பேசுவாய் என்று கவலைப்பட்டார். கையைக் காட்டிச் சமாளிக்கிறேன் என்றாள் அவள்.

பெங்களூரிலிருந்து தினமும் காண்டிராக்டருக்குப் போன் செய்து, புல்லைப் பற்றிக் கன்னடத்தில் நினைவூட்டினார். ஒவ்வொரு தரமும் ஆகட்டும் என்கிற பாவனையில் "ஆய்த்து சார்" என்று பதில் வந்தது. தங்கை வீட்டில் எல்லோரிடமும், இனிமேல் காபியைப் புல்தரையில்தான் குடிப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கியவர் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தார். கிழக்கே வரிசையாகக் கத்தரி நாற்று. கேட்டை ஒட்டி மூங்கில் பந்தல். மூலையில் முருங்கைப் போத்து. நாற்காலிக்கென்று வந்த கடப்பைக் கல் குழாயடியில் துவைக்கிற கல்லாகியிருந்தது. புல்லும் இருந்தது, வாசற்படிக்குக் கீழே ஒரு கால்மிதி அளவுக்கு.

இத்தனை வருஷம் வாய்விட்டுக் கேட்காத மனிதன் ஒன்றே ஒன்று கேட்டால் அதுவும் கிடையாதா என்று அவருக்கு நிஜமாகவே துக்கம் வந்தது. அந்தத் துக்கத்தையெல்லாம் கோபமாக்கி, பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த நஞ்சுண்டசாமி மேல் கன்னடத்தில் கொட்டினார்.

அவர் நிதானமாகக் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"அம்மா சொன்னபடிதானுங்க செஞ்சிருக்கறன்."

பதில் வந்தது தமிழில்.

"நமக்குத் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம், கௌதள்ளிங்க. வூட்ல தமிழ்தானுங்க. ஐயா கன்னடத்துல பேசுனீங்க, நானும் கன்னடத்துலயே பேசிட்டனுங்க. ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொன்னா, அம்மா சொல்றதத்தான் செய்வனுங்க. ஐயா சொல்றதச் செஞ்சா மறுக்காப் பேத்தெடுத்து நடோணும். எங்க வூட்லயும் அப்படித்தானுங்க."

"அப்படின்னா அன்னிக்கு நான் சொன்னது..."

"அசடுன்னதும் கேட்டுதுங்க. அதொண்ணும் பரவால்லீங்க. ஐயா மனசு நோகப்படாதுன்னு அம்மாதான் அந்தப் புல்லு மட்டும் போடச் சொன்னாங்க."

ராஜலக்ஷ்மி வாசலுக்கு வந்தாள். முதல் நாள் கணபதிராமன் சட்டை மாட்ட உள்ளே போன நேரத்தில் நஞ்சுண்டசாமி போனில் தன் மனைவியிடம் தமிழில் வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தான் கேட்டதாகச் சொன்னாள்.

கணபதிராமன் மீசையில் ஒட்டிய மண்ணைத் தட்டப் பார்த்தார். அவர் கன்னடத்தில் பேசியதாவது அவளுக்குப் புரிந்திருக்காதே.

"இதுல என் தப்பு என்ன ராஜி? நீ சொன்னதைத்தான் நானும் ஒரு எழுத்து மாறாம அவருக்குச் சொன்னேன்."

அவள் நஞ்சுண்டசாமியின் பக்கம் திரும்பி, சுத்தமான மைசூர்க் கன்னடத்தில், இந்த ஊரிலேயே பிறந்தவள் மாதிரி இழுத்து, நாளையிலிருந்து காலையும் மாலையும் செடிக்குத் தண்ணீர் விடுவது யஜமானர்தான், ரப்பர் குழாயை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்றாள். தினம் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிரதிபாவோடு அவள் பஜனை மண்டலிக்குப் போனது பாட்டுக்காக மட்டுமில்லை, கன்னடத்துக்காகவும்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நஞ்சுண்டசாமி குழாயைக் கொடுத்தார். கணபதிராமன் வாங்கிக்கொண்டார்.

"ஏன்னா, நான் சொன்னதைத் தமிழ்ல எடுத்துச் சொல்லணுமா?" என்றாள் ராஜலக்ஷ்மி.