பூட்டு சாரும் எஸ்கேப் பட்டனும்

ஒரகடம் பக்கம் எத்தனையோ கம்பெனி இருக்கிறது. ஆனால் எங்கள் பூட்டு சார் மாதிரி கம்ப்யூட்டரைக் காவல் காத்த மனிதர் வேறெங்கும் இருந்திருக்க முடியாது. கேட் செக்யூரிட்டிகூட மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசருவார். இவர் அசர மாட்டார்.

2007-ல் கார் உதிரி பாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் கிளார்க், அவர் சிஸ்டம்ஸ் இன்சார்ஜ். எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் போன நூற்றாண்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடின. ஆன் செய்தால் பாஸ்வேர்ட் கேட்டு ஒரு சின்னப் பெட்டி வரும். குலதெய்வத்தின் பெயரைத் திருப்பிப் போட்டு, நடுவில் பைக் நம்பரைச் செருகி, வாரா வாரம் புதுப் பாஸ்வேர்ட் வைப்பார். தினமும் காலையில் அவரே வந்து எல்லா மெஷினையும் திறந்து விடுவார். அவர் டைப் அடிக்கும்போது நாங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். ஆடிட்டுக்கு வந்த கஸ்டமரையே ஒருமுறை அப்படித் திருப்பி நிறுத்தினார்.

வாலாஜாபாத்தில் அவருடைய மச்சான் கல்யாணம். காலையில் வந்து மெஷின்களைத் திறந்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்குப் பார்த்து கரண்ட் போய் வந்தது. என் மெஷின் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நின்றது. லேபிள் பிரிண்ட் ஆகாமல் வண்டி நகராது. வண்டி போகாவிட்டால் கஸ்டமர் கம்பெனியில் உற்பத்தியே நின்றுவிடும். போன் போட்டேன். பாஸ்வேர்டைப் போனில் சொல்வதெல்லாம் ஆபத்து, நானே வருகிறேன் என்று பந்தியில் பாதியில் எழுந்துவிட்டார்.

அதற்குள் லேபிள் ஒட்டும் செல்வி, சாத்தூர்ப் பெண், காண்ட்ராக்ட் வேலை, பொறுமை போய் ஏதோ ஒரு பட்டனைத் தட்டினாள். பெட்டி மறைந்தது. மெஷின் திறந்துகொண்டது! லேபிள் அடித்தோம், வண்டி கிளம்பிவிட்டது.

பட்டு வேட்டியில் வந்து இறங்கினார் பூட்டு சார். மெஷினைத் திறந்தது செல்வி என்று சொன்னோம்.

"இன்னாம்மா பண்ணே?"

"பெட்டி போக மாட்டேங்குதேன்னு எஸ்கேப்பத் தட்டுனேன் சார். வேற ஒண்ணும் செய்யல."

"இன்னொரு வாட்டி தட்டு."

ரீஸ்டார்ட் செய்து தட்டினாள். திறந்தது. கோபப்படுவார் என்று பார்த்தால், திருவிழாவில் தேரைப் பார்த்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு ஓடினார். அங்கேயும் எஸ்கேப், அங்கேயும் திறந்தது. குவாலிட்டியிலும் அதேதான். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். கடைசியில் ஜி.எம். அறைக்குள் புகுந்து, அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து தட்டினார். "இதுவும் தொறந்துகிச்சுபா" என்று அவர் திரும்பியபோது வாசலில் ஜி.எம். நின்றுகொண்டிருந்தார்.

முதலில் திறந்தது யார், அந்த ஆள் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார் ஜி.எம். செல்வி என் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினாள்.

"நான்தான் சார் தொறந்து பாக்கச் சொன்னேன்" என்றார் பூட்டு சார். "இத்தினி நாளா பூட்டிக்கீதுன்னு நம்பிக்கினு இருந்தோம். அங்க கதவே இல்ல சார்."

அவருக்கு மெமோ கிடைத்தது. கம்பெனிக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் கிடைத்தன. மெமோவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். செல்வியிடம் கல்யாண வீட்டு லட்டை எடுத்து நீட்டினார்.

அன்றிலிருந்து அவள் அவரை சார் என்று கூப்பிடவில்லை. அண்ணே என்றாள். கொஞ்ச நாளில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் கூப்பிட்டோம்.